ரூத் போட்ட தேதியும் நான் போட்ட கையெழுத்தும்

ரூத்தைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் கிடையாது. அவளைப் புகழ்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். நான் பதினைந்து வருஷமாக அவளைப் பார்த்து வயிறு எரிந்தவன். வயிறு எரிகிறவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். அவள் எந்த வருஷம் எந்த வழக்கில் ஜெயித்தாள், அன்றைக்கு எந்தப் புடவை கட்டியிருந்தாள், ஜட்ஜ் என்ன சொல்லிப் பாராட்டினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவள் வீட்டுக்காரர் ஏசுதாஸுக்குக்கூட இவ்வளவு தெரியாது.

என் பெயர் சண்முகசுந்தரம். ஊர் மணிமங்கலம். ரூத் பென்னலூர்க்காரி. இரண்டு பேரும் ஒரே சீனியரிடம் ஜூனியராக இருந்தோம். நான் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து அவள் வந்தாள், அதனால் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த அண்ணாவில் ஒரு துளி நக்கல் இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை.

அவள் அப்பா கல்குவாரி வாட்ச்மேன். தினம் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சட்டம் படித்தவள். தொழிலுக்கு வந்த புதிதில், பெங்களூர் ரோட்டில் லாரி அடித்துப் போட்ட ஆட்களுக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்குகளாக நடத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. கம்பெனிகளோடு தெற்கத்திப் பையன்கள் வந்தார்கள், ஒரு ரூமுக்கு எட்டுப் பேர் என்று. வேலையிலிருந்து நிறுத்தினால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் ரூத். கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக் கட்டடத்தில் என் ரூம் முதல் மாடி, அவள் ரூம் இரண்டாவது மாடி. படி ஏறி வருகிறவன் என் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐயா, ரூத் அக்கா ரூம் எங்கன இருக்கு? எங்கள வேலைக்கு வரண்டாம்னு சொல்லிட்டாவ" என்பான். என் பெயர்ப் பலகை அவன் மூக்குக்கு நேரே தொங்கும். நான் கையை மேலே காட்டுவேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அரசு வக்கீல் பதவி. அதிலும் மாவட்டக் கோர்ட்டில் லஞ்ச ஒழிப்பு வழக்குகளை நடத்தும் அரசு வக்கீல் பதவி. தாசில்தாரும் என்ஜினீயரும் எழுந்து நின்று வணக்கம் வைக்கும் நாற்காலி அது.

அந்த நாற்காலி எப்படிக் கிடைக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆட்சி மாறினால் கோர்ட்டில் முதலில் மாறுகிறவர் அரசு வக்கீல். ரிசல்ட் வந்த மறுநாளே பழைய ஆட்கள் ராஜினாமா கொடுத்துவிட்டு, பெயர்ப் பலகையை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். ஜெயித்த கட்சியின் வக்கீல்கள் அந்த ஆணி ஓட்டையிலேயே தங்கள் பலகையை மாட்டுவார்கள். அரசாங்கத்தின் ஊழலை விசாரிக்கிற வக்கீலை அரசாங்கமே வைத்து அரசாங்கமே எடுக்கிறதே, இது என்ன நியாயம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வைக்கப்போவது என்னை என்று நம்பியவன் அதை ஏன் கேட்கப்போகிறேன்?

பத்து வருஷம் கட்சிக்கு உழைத்தேன். மறியலில் பிடிபட்டவர்களுக்கு ஜாமீன் எடுத்தேன், ஒரு பைசா வாங்காமல். கட்சியின் மாவட்டச் செயலாளரை நாங்கள் எல்லோரும் 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவோம். மாவட்டத்தின் பேத்திக்குக் காது குத்தியபோது பந்தியில் இலை போட்டவன் நான். இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் ஆட்சி வந்ததும், மாவட்டம் என் பெயரை எழுதி அனுப்பினார். ஆனால் எம்.எல்.ஏ. வேறு ஒருவர் பெயரை எழுதி அனுப்பினார். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நாலு மாதம் இருந்தார்கள். கடைசியில் மேலிடத்தில் சலித்துப்போய், இரண்டு கோஷ்டியிலும் இல்லாத ஒரு பெயரைச் சொல்லச் சொன்னார்கள். எந்தக் கோஷ்டியிலும் இல்லாத, எந்தக் கொடியும் பிடிக்காத, எவர் வீட்டுக் காதுகுத்துக்கும் போகாத வக்கீல் ஒருத்திதான் இருந்தாள்.

"அந்த கிறிஸ்டியன் பொண்ணு சாது. ஒருத்தர் வம்புக்கும் போவாது, போட்டுடலாம்" என்றார் மாவட்டம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதோடு விட்டார்களா? ஒரு சடங்கு பாக்கி இருந்தது. பதவி கொடுக்கும் முன்பே, கையெழுத்துப் போட்ட ராஜினாமாக் கடிதம் ஒன்றைக் கட்சி ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். தேதி இடம் மட்டும் காலியாக இருக்கும். என்றைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறதோ அன்றைக்கு அவர்களே தேதி போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆளைக் கூப்பிட்டுச் சொல்லும் சிரமம்கூடக் கிடையாது. அந்தக் கடிதத்தை எழுதித் தரும் வேலையை மாவட்டம் என்னிடம் கொடுத்தார். என் பதவியைப் பறித்துக்கொண்டவளின் ராஜினாமாவை நானே எழுதினேன். அழகாக எழுதினேன், அதில் ஒரு சுகம் இருந்தது. ரூத் வந்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை மடித்து மாவட்டத்தின் உதவியாளர் பீரோவில் வைத்தார்.

ஆறு மாதம் தாங்கமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். தினமும் ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போகும் பஸ்ஸில் மாவட்டக் கோர்ட்டுக்குப் போய் வருவாள். அந்த ரோட்டில் அப்போது பாதித் தூரம் பள்ளம், மீதித் தூரம் புழுதி. அந்தக் குலுக்கலில் மடியில் வைத்துக் கேஸ் கட்டைப் படித்துக்கொண்டே போவாள். நானும் சில நாள் அதே பஸ்ஸில் போவேன். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கும், எனக்குக் கம்பி கிடைக்கும்.

அவள் கைக்கு வந்த வழக்குகளில் ஒன்று தசரதனுடையது. தசரதன், கம்பெனிகளுக்காக நிலம் எடுக்கும் ஆபீஸில் தனித் தாசில்தார். ஒரகடத்துக்கு உள்ளே இருக்கிற ஒரு கிராமத்தில் அன்னக்கிளி என்ற விதவையின் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையை எடுத்துவிட்டார்கள். அதற்கான நஷ்டஈட்டு உத்தரவில் கையெழுத்துப் போட தசரதன் லஞ்சம் கேட்டார். அன்னக்கிளி நேரே லஞ்ச ஒழிப்புப் போலீஸிடம் போய்விட்டாள். அவர்கள் பவுடர் தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த நோட்டைத் தொட்டவர் கையைச் சோடாத் தண்ணீரில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். தசரதன் கையை முக்கினார்கள், ஆனது. இது நடந்தது பழைய ஆட்சியின் கடைசியில். வழக்கு விசாரணை ரூத்தின் காலத்தில்தான் சூடு பிடித்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அந்தப் பொம்பளை பணத்தை வலுக்கட்டாயமாகக் கையில் திணித்தாள், தசரதனுக்கு ஒன்றும் தெரியாது என்று வாதாடினார். அன்றைக்கு எனக்கும் அந்தக் கோர்ட்டில் ஒரு வாய்தா இருந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரூத் எழுந்து, சோதனையின்போது கூட இருந்த சாட்சியிடம் கேட்டாள்.

"பணத்தை எங்கேருந்து எடுத்தாங்க?"

"அவரோட டிபன் கேரியர்லேருந்தும்மா."

"எத்தனை அடுக்கு?"

"மூணு. கீழ சோறு, மேல பொரியல். நடு அடுக்குல பணம்."

"மூணு அடுக்கையும் தனித்தனியா கழுவினாங்களா? எந்தத் தண்ணி ரோஸ் ஆச்சு?"

"நடு அடுக்குதும்மா."

ரூத் ஜட்ஜைப் பார்த்து, "கையில திணிச்ச பணத்துக்குப் பொரியலத் தூக்கி வச்சுட்டு நடு அடுக்கைத் தொறக்கத் தெரியாதுங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் பேனா பிடித்த கையால் வாயை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே செத்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்குமா என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க யோசித்தேன். தோன்றியிருக்காது. அதுதான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் என் மனைவி சந்திரலேகாவுக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். "ரூத் இன்னிக்கு டிபன் கேரியர வச்சே மடக்கிட்டாளாமே!" என்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். எனக்குப் பசி இல்லை என்று எழுந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் காற்று மாறியது. தசரதனின் மச்சான் தளவாய், எதிர்க்கட்சியில் ஒன்றியச் செயலாளராக இருந்தவர். அவர் ஒரு நல்ல நாளில் நாலு லாரி நிறைய ஆட்களோடு எங்கள் கட்சியில் வந்து சேர்ந்தார். மாவட்டமே சால்வை போட்டார். அடுத்த வாரம், தசரதன் மேல் உள்ள வழக்கு அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்டது என்று எல்லோருக்கும் திடீரென்று புரிந்தது. அன்னக்கிளிக்கு மட்டும் புரியவில்லை.

வழக்கை வாபஸ் வாங்கும் மனு மேலேயிருந்து டைப் செய்யப்பட்டே ரூத்துக்கு வந்தது. இங்கேதான் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசாங்கம் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வழக்கை அதுவாக வாபஸ் வாங்க முடியாது. அரசு வக்கீல்தான் கேட்க வேண்டும். அதுவும், கட்டு முழுவதையும் படித்துப் பார்த்து, யார் சொல்லியும் இல்லாமல் தன் சொந்த முடிவாகக் கேட்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். ரூத் கையெழுத்து இல்லாமல் தசரதன் வீட்டுக்குப் போக முடியாது.

மறுநாள் சாயங்காலம் அவள் இரண்டாவது மாடிக்குப் போகாமல் முதல் மாடியில் நின்றாள். என் வாசலில் நின்று என்னையே தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லுங்க."

"உக்காரும்மா. இன்னா விஷயம்?"

"மாவட்டம் போன் பண்ணாரு. கையெழுத்து போட்டு அனுப்பும்மா, நீ வேற ஒண்ணும் பண்ண வாணாம்ன்றாரு. வூட்ல அவரு பயப்புடறாரு. சீனியர் இன்னாடான்னா, பொழைக்கிற வழியப் பாருன்றாரு. நான் இன்னாண்ணா பண்றது?"

கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். அவள் கையெழுத்துப் போட்டால் மாவட்டத்துக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிடுவாள், இந்த ஆட்சி முடியும்வரை அவளை அசைக்க முடியாது. போடாவிட்டால் பீரோவில் இருக்கிற கடிதம் ஒரே நாளில் வெளியே வரும், நாற்காலி காலியாகும். பக்கத்தில் வேறு ஆளே இல்லை, நான்தான்.

"போடாதம்மா" என்றேன். "சட்டம் உன்னைத்தான் கேக்குது, கவர்ன்மெண்ட்ட இல்ல. அவங்க தபால்காரன் மாதிரி பேப்பர அனுப்பலாம், முடிவு உன்னுது. மனசார நம்பாம நீ போடுற கையெழுத்து பொய்க் கையெழுத்து. நாளைக்கு அந்த அன்னக்கிளி மூஞ்சில எப்படி முழிப்ப?"

நன்றாகத்தான் பேசினேன். கோர்ட்டில் ஒரு நாளாவது அப்படிப் பேசியிருந்தால் என் வாசலிலும் நாலு செருப்பு கிடந்திருக்கும். ரூத்தின் கண் நிறைந்துவிட்டது. "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிக்கினு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணா நாயமா சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் படி ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன சட்டத்தில் ஒரு எழுத்துப் பிழையில்லை, சொன்ன மனசு மட்டும் அழுகல்.

மனுவில் கையெழுத்துப் போட முடியாது என்று ரூத் இரண்டு வரியில் எழுதி அனுப்பினாள். மாவட்டம் பீரோவைத் திறக்கச் சொன்னார். அடுத்த பத்தாவது நிமிஷம் எனக்கு போன்.

"இன்னாய்யா லெட்டர் எழுதிக் குடுத்த நீ? தேதி போட்டுக்கீதுய்யா! வேலையில சேர்றதுக்குப் பதினோரு நாளுக்கு முன்னாடியே ராஜினாமா பண்ணிக்கீது இந்தப் பொம்பள!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். காலியாக நான் விட்டிருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. கீழே கையெழுத்துக்கு அடியில், சின்ன எழுத்தில், அவள் கையாலேயே, கையெழுத்துப் போட்ட அன்றைய தேதி. இத்தனை நாள் பீரோவில் வைத்திருந்தவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. இனிமேல் அந்தக் கடிதத்தை அனுப்பினால், பதவியே இல்லாதவள் பதவியை விட்டுவிட்டாள் என்று ஆகும், மேலே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

நான் ரூத்திடமே கேட்டேன். "தேதி ஏம்மா போட்ட?"

"போட்டுட்டனா?" என்று அவள் நிஜமாகவே திகைத்தாள். "மனு, வக்காலத்துன்னு தினம் அம்பது கையெழுத்து. கீழ தேதி தானா வந்துடுதுண்ணா. வோணும்னு போடலியே."

எனக்கும் தினம் அந்தக் கையெழுத்துகள்தான். ஆனால் எங்கே தேதி போடக் கூடாது என்று என் கைக்கு நன்றாகத் தெரியும். பழக்கத்தில் வந்த பிழைகூட அவளுக்கு நல்லதாக வந்து விடிகிறது பாருங்கள்.

ராஜினாமா இல்லையென்றால் நீக்க வேண்டும். நீக்க வேண்டும் என்றால் அரசாணை வேண்டும், காரணம் எழுத வேண்டும், கோப்பு நாலு மேஜை ஏறி இறங்க வேண்டும். இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் ரூத் மிச்சமிருந்த சாட்சிகளை எல்லாம் விசாரித்து முடித்தாள். இறுதி வாதம் மட்டும்தான் பாக்கி.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு ரூத் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தபோது, மூன்று பேர் அவர்கள் வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்களாம். ரூத் தண்ணீர் கொடுத்தாளாம். குடித்துவிட்டு, மகள் ஜெர்சி எந்த ஸ்கூல், எத்தனை மணிக்கு விடும் என்று விசாரித்தார்களாம். "தண்டலத்தாண்ட லாரிங்க வேகமா வருதும்மா. பாப்பாவ ரோடு தாண்டும்போது பாத்து தாண்டச் சொல்லு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, மனுவின் நகலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்களாம். ஏசுதாஸ் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அன்றிலிருந்து ஷிப்ட் மாற்றிக்கொண்டு, தினமும் மகளைக் கையைப் பிடித்து ரோடு தாண்டவைத்தார். ரூத் கையெழுத்துப் போடவில்லை.

இதை ஏசுதாஸ்தான் என்னிடம் சொன்னார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பொறாமையாக இருந்தது. ஒரு கையெழுத்துக்காக மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு வந்து காத்திருக்கிற அளவுக்கு இவள் பெரிய ஆளாகிவிட்டாளே என்று.

உத்தரவு வந்தது. பொதுநலன் கருதி ரூத் நீக்கப்பட்டாள். அவளுக்குப் பதிலாக, கடைசியில், நான். கட்சி ஆபீஸில் போய் என் கடிதத்தையும் கொடுத்தேன், கையெழுத்துக்குக் கீழே சுத்தமாக வெள்ளையாக விட்டு. மாவட்டம் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது நாள், ஆபீஸ் பியூன் கொம்பையா ஒரு கட்டோடு வந்தார். மேலே அதே மனு. ரூத்தின் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"ஐயா, இந்த எடத்துல ஒண்ணு போட்டுத் தாங்க. நான் அந்தால போயிருதேன். டீ சொல்லட்டுமா?"

கட்டைப் பிரித்தால் உள்ளே ரூத்தின் குறிப்புகள் இருந்தன. ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு தாள். குண்டு குண்டான அந்தக் கையெழுத்தை நான் படிக்கவில்லை. படித்தால் போட முடியாது என்று தெரியும். டீ வருவதற்குள் போட்டுவிட்டேன். கொம்பையா குறியை ரப்பரால் அழித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மனு விசாரணைக்கு வந்த அன்று, அன்னக்கிளிக்காக வக்காலத்துப் போட்டுக்கொண்டு ரூத் வந்திருந்தாள். அந்தக் கோர்ட்டில் இத்தனை நாள் அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன். அவள் எதிர்ப் பக்கத்தில் நின்று கால் மணி நேரம் பேசினாள். ஒரு வார்த்தைகூட என்னைப் பற்றி இல்லை. வழக்கின் பலத்தை மட்டும் சொன்னாள்.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "கட்டைப் படித்தீர்களா?"

"படித்தேன்."

"இது உங்கள் சொந்த முடிவா? அல்லது யாராவது சொன்னார்களா?"

ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த முடிவு இல்லை என்று நான் சொல்லுவேன் என்று அவள் எதிர்பார்த்தாள். அவள் முகத்தில் அந்த நம்பிக்கை அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் ஏன் என்னை நம்ப வேண்டும்?

"சொந்த முடிவு" என்றேன்.

மனு அனுமதிக்கப்பட்டது. தசரதன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கூண்டிலிருந்து இறங்கினார்.

வராந்தாவில் அன்னக்கிளி என் வழியை மறித்தாள். "எவ்ளோ துட்டு வாங்கிகின? சொல்லுய்யா. என் கொல்லையும் போச்சு, ஒரு கையெழுத்துல நாயமும் போச்சு. ரெண்டு வருசமா கோர்ட்டுக்கு நடந்துகினு கீறேன். நல்லாருப்பியா நீ?"

ஆட்கள் கூடிவிட்டார்கள். ரூத் ஓடி வந்து அன்னக்கிளியின் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள். "விடும்மா. மேல் கோர்ட்டுக்குப் போலாம், நான் கீறேன் இல்ல?" என்று சமாதானம் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அதற்காக நான் தயாராகவும் இருந்தேன், பதவிக்காக நீயும்தானே வந்தாய் என்று பதில்கூட வைத்திருந்தேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "வூட்டாண்ட வந்தாங்களாண்ணா? புள்ளைங்களப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. மிரட்டாமல் நான் போட்டிருக்கவே மாட்டேன் என்று இவள் முடிவு செய்துவிட்டாள். அன்றைக்கு என் ரூமில் கேட்ட வார்த்தைகளை வைத்து, என்னை ஒரு மனுஷனாக நினைத்து, இத்தனை நாள் மனசில் வைத்திருக்கிறாள். என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய அவசியம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"மூணு பேரா?"

"நாலு பேர்" என்றேன்.

ரூத் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அப்புறம் திரும்பி, இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருந்த அன்னக்கிளியிடம் போய், எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

"அவரை ஒண்ணும் சொல்லாதம்மா. பாவம். அவரால முடிஞ்சது அவ்ளோதான்."